உங்களுக்குத் தெரியுமா? வாலாஜாபாத் முதல் துருவம் வரை

துருவ ஆராய்ச்சி என்றதும் நாய் பூட்டிய சறுக்குவண்டியும், தாடியில் பனி உறைந்த வெள்ளைக்காரரும்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அந்தக் கதையில் பல்லாவரத்துக் கல், சென்னைக் காந்த அளவீட்டு நிலையம், திருநெல்வேலிக் காந்தமானி, பட்டு இழை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பூமியின் இரு முனைகளைப் புரிந்துகொள்ள, நடுவில் இருக்கும் நம் பக்கத்தையும் அளந்தாக வேண்டியிருந்தது. அதற்கான சான்றுகள் சில, துணுக்குத் துணுக்காக.

நேர் தெற்கே போனால்…

வாலாஜாபாத் ஏறத்தாழ 79.8 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்சமும் விலகாமல் தெற்கே கோடு கிழித்தால் புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம், கோடியக்கரை எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டியே வரும். பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கையின் மேற்குக் கரை. நீர்கொழும்பும் கொழும்பும் கோட்டின் ஓரத்திலேயே நிற்கும். கொழும்பைக் கடந்த பிறகு ஒரு தீவுகூடக் குறுக்கே வராது. அடுத்த நிலம் அண்டார்டிகாதான். மொத்தம் சுமார் 9,000 கி.மீ. அங்கே கரையேறி, கரையோரமாக மேற்கே திரும்பினால் 200 கி.மீ.க்குள் இந்தியாவின் ‘பாரதி’ ஆய்வு நிலையம் வந்துவிடும்.

வடக்கே திரும்பினால் இமயத்தில் நந்தா தேவி வட்டாரம், பிறகு திபெத், கசகஸ்தான், சைபீரியா, காரா கடல். வட துருவம் சுமார் 8,600 கி.மீ. ஆக, நம் ஊரிலிருந்து வட துருவமும் அண்டார்டிகாவின் கரையும் கிட்டத்தட்ட ஒரே தொலைவுதான்!

கடலில் ஒரு பள்ளம்

அந்தத் தெற்குக் கோட்டில் கப்பல் போனால் இலங்கைக்குத் தெற்கே ஒரு ‘பள்ளத்தில்’ இறங்கி ஏறும். கப்பலில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அங்கே ஈர்ப்பு விசை சற்றுக் குறைவு. அதனால் கடல்நீரை அந்த இடம் இழுத்து வைத்துக்கொள்வதில்லை. நீர் சுற்றுப்புறத்துக்கு விலகிவிடுகிறது. கணித முறையில் எதிர்பார்க்கும் மட்டத்தைவிட அங்கே கடல்மட்டம் 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய ஈர்ப்புத் தாழ்வு இதுதான். 1948இல் கப்பலில் ஈர்ப்பு அளவீடு செய்துகொண்டு போன டச்சுப் புவி இயற்பியலாளர் வெனிங் மைனஸ் இதைக் கண்டறிந்தார்.

கிரஷர் கல்லுக்கு அண்டார்டிகாவில் உறவு

வாலாஜாபாத், உத்திரமேரூர் சாலைகளில் ஜல்லி ஏற்றிய லாரிக்கு வழிவிடாமல் போக முடியாது. இந்தப் பகுதியின் கல்குவாரிகளில் உடைபடும் கருநிறப் பாறைகளில் முக்கியமானது ‘சார்னோக்கைட்’. பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் வரை இதே இனம்தான். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கொல்கத்தாவுக்கு வித்திட்டவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்திலிருந்து கல் போயிருக்கிறது. 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்குச் சூட்டிவிட்டார்.

1936இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பாறைக்கு ‘எண்டர்பைட்’ என்று டில்லி என்ற ஆய்வாளர் பெயரிட்டார். அது கிடைத்த இடம் அண்டார்டிகாவின் எண்டர்பி லேண்ட். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், நீராவி அதிகம் இல்லாத கடும் வெப்பத்தில் வெந்து உருவானவை இரண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளும் கிழக்கு அண்டார்டிகாவின் பாறைகளும் ஒரு காலத்தில் ஒரே மலைத்தொடரின் பகுதிகள் என்பதைப் புவியியலாளர்கள் இப்படிப்பட்ட பாறைகளை ஒப்பிட்டே நிறுவினார்கள்.

ஒரே குடித்தனம்

இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் ‘கோண்டுவானா’ என்ற பெருநிலத்தில் சேர்ந்திருந்தவை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரியத் தொடங்கின. அந்தக் காலத்துச் செடிகொடிகளின் அச்சு பதிந்த களிக்கல் வாலாஜாபாத்துக்கு அருகிலேயே, ஸ்ரீபெரும்புதூர் படுகைகளில் கிடைக்கிறது. கார்த் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, புதைபடிவங்களுக்காக உலகப் புவியியல் நூல்களில் இடம்பிடித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர்.

16 கிலோ சுமை

1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்காட்டும் தோழர்களும் பசியிலும் குளிரிலும் மாண்டார்கள். கடைசி வரை அவர்கள் சறுக்குவண்டியிலிருந்து இறக்காத பொருள் சுமார் 16 கிலோ பாறைத் துண்டுகள். அவற்றில் ‘குளோசாப்டெரிஸ்’ என்ற மரத்தின் இலைப் புதைபடிவம் இருந்தது. இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளில் அள்ள அள்ளக் கிடைக்கும் அதே இலை. பனிப்பாலைவனத்தில் ஒருகாலத்தில் காடு இருந்தது என்பதற்கும், அந்த நிலம் இந்தியாவோடு ஒட்டியிருந்தது என்பதற்கும் அது பெரிய சாட்சி.

பூமியின் தலை தட்டை என்று எப்படித் தெரியும்?

துருவங்களில் பூமி சற்றுத் தட்டையாக இருக்கும் என்றார் நியூட்டன். இல்லை, நீண்டிருக்கும் என்றது பிரான்சின் காசினி என்ற வானியலாளர் குடும்பம். வழக்கைத் தீர்க்க 1736இல் பிரெஞ்சு அறிஞர் மோபர்த்யுவின் குழு ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய லாப்லாந்துக்குப் போய் ஒரு பாகை நிலத்தின் நீளத்தை அளந்தது. நியூட்டன் ஜெயித்தார்.

எவ்வளவு தட்டை என்பதைத் துல்லியமாகச் சொல்ல, வெப்பமண்டலத்திலும் அளவு தேவைப்பட்டது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளுமே! அதனால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, பெட்டியை முக்காலிகள் மேல் ஏற்றி, அதற்கு மேல் கூடாரம் போட்டு, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். அந்தக் கோட்டிலிருந்து கருங்குழி மலை போன்ற இடங்களைப் பிடித்து முக்கோணங்களாக விரிந்ததுதான் இந்தியப் பெரு முக்கோணவியல் அளவீடு. இன்றைய கணக்குப்படி பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ.; துருவ ஆரம் 6,357 கி.மீ. வித்தியாசம் 21 கி.மீ.தான்.

சென்னையில் ஜெர்மன் நேரம்

1839இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ், எரெபஸ், டெரர் என்ற இரு கப்பல்களுடன் தென் காந்தத் துருவத்தைத் தேடி அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டார். அவர் அங்கே அளப்பது போதாது. உலகம் முழுக்க ஒரே நொடியில் அளந்தால்தான் பூமியின் காந்தப் புலம் எப்படி அசைகிறது என்று தெரியும். அதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்களில் காந்த அளவீட்டு நிலையங்கள் வைத்தது. குறித்த நாட்களில் எல்லா நிலையங்களும் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர நேரப்படி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை காந்த முள்ளைப் படிக்க வேண்டும். துருவத்தில் கப்பல் உறைபனியில் முட்டிக்கொண்டிருந்த காலத்தில், சென்னையில் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க அதே முள்ளை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முறுக்கு ஏறாத பட்டு

அந்தக் காலத்துக் காந்தமானிகளில் காந்தத் தண்டு தொங்கியது எதில் தெரியுமா? பட்டு இழையில். தறியில் பாவு ஓட்டும் பட்டுக்கு முறுக்கு வேண்டும். அப்போதுதான் இழுவைக்குத் தாங்கும், அறாது. காந்தமானிக்கோ முறுக்கே ஆகாது. முறுக்கிய நூல் பிரியப் பார்க்கும். பிரியும்போது தொங்கும் காந்தத்தையும் சேர்த்துத் திருப்பிவிடும். அப்புறம் முள் காட்டுவது பூமியின் காந்தமா, நூலின் முறுக்கா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே கூட்டிலிருந்து எடுத்தபடியே, முறுக்காத இழைகளைக் கற்றையாகச் சேர்த்துத் தொங்கவிட்டார்கள். மெல்லியதாகவும் வலுவாகவும் இருந்து, காந்தத்தால் ஈர்க்கப்படாமலும் இருக்கும் பொருளாக அன்று கைக்கு எட்டியது பட்டுதான்.

பட்டில் பறந்தவர்கள்

1897 ஜூலை 11 அன்று சுவீடனின் ஆந்த்ரே, இரண்டு தோழர்களோடு பலூனில் ஏறி வட துருவத்துக்குப் பறந்தார். பலூன் சீனப் பட்டால் ஆனது. பல அடுக்காக ஒட்டி, தைத்து, வார்னிஷ் பூசியது. துணி நின்றது, தையல்தான் ஏமாற்றியது. ஊசித் துளைகள் வழியே ஹைட்ரஜன் கசிந்துகொண்டே இருந்தது. மூன்று நாளுக்குள் பனிமேல் இறங்கிவிட்டார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்பது 33 ஆண்டு கழித்து, 1930இல், வெள்ளைத்தீவில் உடல்கள் கிடைத்தபோதுதான் தெரிந்தது. கூடவே கிடைத்த படச்சுருளைக் கழுவினால், படங்கள் வந்தன!

படுத்த முள், நின்ற முள்

மேலும் கீழும் ஆடக்கூடிய காந்த முள்ளைத் திருநெல்வேலிப் பக்கம் வைத்தால் ஏறத்தாழக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். காந்த நடுக்கோடு அருகில் போவதே காரணம். வாலாஜாபாத்துக்குக் கொண்டுவந்தால் வடமுனை கொஞ்சம் தாழும். 1831 ஜூன் 1 அன்று வட கனடாவில் ராஸ் வைத்துப் பார்த்தபோது 89 பாகை 59 நிமிடம் சாய்ந்து, செங்குத்தாகவே நின்றது. அதுதான் வட காந்தத் துருவத்தை மனிதர் முதன்முதலாக எட்டிய நாள்.

சூரியன் சீறினால் திருநெல்வேலிக்குச் சேதி

சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப் புலம் துருவங்களுக்கு அருகே திருப்பிவிடுகிறது. அங்கே வானில் ஒளித்திரை ஆடுகிறது. அந்தக் கலவரம் துருவத்தோடு நிற்பதில்லை. துருவ வானில் எழும் மின்புலம் சில நிமிடங்களிலேயே நடுக்கோட்டையும் தொடும். காந்த நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 105 கி.மீ. உயரத்தில் பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. காந்தப் புயலின்போது அது ஏறும், இறங்கும். இதைக் கவனிக்கத்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஒரு ஆய்வகமும், அண்டார்டிகாவில் உள்ள இந்தியாவின் ‘மைத்ரி’ நிலையத்தில் காந்தக் கருவிகளும் வைத்திருக்கிறது.

2024 மே மாதத்துப் பெரும் காந்தப் புயலில் லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. அங்கே உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து படம் பிடித்தார்கள்.

உயரத்தில் குளிர் எங்கே அதிகம்?

துருவத்தில் என்பீர்கள். தரையில் சரி: 1983 ஜூலை 21 அன்று அண்டார்டிகாவின் வாஸ்தோக் நிலையத்தில் மைனஸ் 89.2 செல்சியஸ் பதிவானது. ஆனால் 16, 17 கி.மீ. உயரத்துக்குப் போனால், ஆண்டு சராசரியில் மிகக் குளிர்ந்த காற்று நடுக்கோட்டுப் பகுதிக்கு மேலேதான்; மைனஸ் 80 அளவில் இருக்கும். சூடான தரையிலிருந்து எழும் காற்று மிக உயரம் வரை ஏறி, விரிந்து, குளிர்ந்துகொண்டே போவதால் வரும் விளைவு இது. பலூன் அளவீடுகளைத் தொகுத்து 1929இல் இதைத் தெளிவாகக் காட்டியவர் கே. ஆர். ராமநாதன். அன்றைய சென்னை மாகாணத்துப் பாலக்காடு, கல்பாத்தியில் பிறந்தவர், சி. வி. ராமனின் மாணவர். 1954 முதல் 1957 வரை அனைத்துலகப் புவி அளவியல், புவி இயற்பியல் ஒன்றியத்தின் தலைவராகவும் இருந்தார்.

தஞ்சையிலிருந்து ஐதராபாத்துக்கு

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு நூறு ஆண்டு வெள்ளையரே தலைவர். 1951இல் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் தஞ்சை மாவட்டம் மகாராஜபுரத்தில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன். 1961இல் ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. பின்னாளில் அதே நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர், இந்தியாவின் மூன்றாம் அண்டார்டிகா பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஹர்ஷ் குப்தா.

1920லேயே ஒரு கையெழுத்து

வட துருவத்துக்கு அருகே இருக்கும் ஸ்வால்பார் தீவுக்கூட்டம் நார்வேக்கு உரியது என்று ஏற்கும் ஒப்பந்தம் 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தானது. அதில் இந்தியாவும் உண்டு, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ். அந்தக் கையெழுத்து வீண்போகவில்லை. 2008 ஜூலை 1 அன்று அங்கே நி-ஒலசுண்ட் குடியிருப்பில் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது.

பள்ளிக்கரணைக் கைவண்ணம்

ஹிமாத்ரிக்கு அருகே காங்ஸ்ஃபியார்டன் என்ற கடல் இடுக்கில், 192 மீட்டர் ஆழத்தில் ஒரு கருவித்தொகுப்பு நங்கூரமிட்டு நிற்கிறது. பெயர் ‘இண்ட்ஆர்க்’. நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் போன்றவற்றை ஆண்டு முழுக்கப் பதிவு செய்யும். குளிர்காலத்தில் அங்கே போய் அளப்பது கடினம். கருவி மட்டும் தூங்காமல் கணக்கெழுதும். 2014 ஜூலையில் இறக்கப்பட்ட இதை வடிவமைத்ததில் பெரும்பங்கு சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு.

ஆரவாரமில்லாமல் ஒரு கப்பல்

1981 டிசம்பர் 6. கோவாவிலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வே நாட்டு வாடகைக் கப்பல், கடலியலாளர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேரோடு கிளம்பியது. ஊருக்குத் தெரியாமல் புறப்பட்ட பயணம் அது. 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இந்தியக் கொடி ஏறிய பிறகே விஷயம் வெளியே வந்தது. 1983 ஆகஸ்டில் இந்தியா அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அடுத்த மாதமே முடிவெடுக்கும் உரிமை உள்ள உறுப்பினர் ஆனது. அந்த ஆண்டு இறுதியில் புறப்பட்ட மூன்றாம் பயணத்தில் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரு பெண் விஞ்ஞானிகளும் போனார்கள்.

புதைந்த தபால் நிலையம்

அந்த மூன்றாம் பயணத்தில் கட்டிய ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையத்தில் 1984இல் தபால் நிலையமும் திறந்தார்கள். ஆனால் நிலையம் நின்றது பனித்தட்டின் மேல். பெய்த பனி உருகாமல் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து கட்டடத்தை மூடிவிட்டது. பாடம் கற்று, 1989இல் ‘மைத்ரி’யைப் பாறை நிலத்தில் கட்டினார்கள், தபால் நிலையமும் அங்கே போனது. 2012இல் திறந்த ‘பாரதி’, 134 சரக்குக் கண்டெய்னர்களை அடுக்கி, மேலே உறை போர்த்திய கட்டடம்.

403 நாள்

இஸ்ரோவின் விஞ்ஞானி மங்களா மணி, 56 வயதில், பாரதி நிலையத்தில் 403 நாள் தங்கியிருந்தார். 2016 நவம்பரில் போன 23 பேர் குழுவில் அவர் ஒருவரே பெண். அங்குள்ள இஸ்ரோ தரை நிலையம், துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் தகவலை வாங்கி நாட்டுக்கு அனுப்புகிறது. இத்தகைய செயற்கைக்கோள்கள் ஒவ்வொரு சுற்றிலும் துருவங்களுக்கு அருகே கடப்பதால், அங்கே ஆன்டெனா வைத்தால் வேலை சுலபம்.

ஒன்றரை மணியும் இரண்டு மாதமும்

வாலாஜாபாத்தில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். மைத்ரியில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் மறையாது. இன்னொரு இரண்டு மாதம் உதிக்காது. பழையசீவரத்தில் காஞ்சி வரதருக்குப் பார்வேட்டை நடக்கும் பொங்கல் சமயத்தில், அங்கே நள்ளிரவிலும் வெயில்!

பனி மூடிய பாலைவனம்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் மழை. அண்டார்டிகாவின் உட்பகுதியிலோ, விழும் பனியை உருக்கி அளந்தால் 50 மி.மீ.கூடத் தேறாத இடங்கள் ஏராளம். உலகின் மிகப் பெரிய பாலைவனம் அதுதான். ஆனால் விழுந்தது போகாமல் சேர்ந்து சேர்ந்து, உலகின் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு அங்கே உறைந்து கிடக்கிறது. முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 58 மீட்டர் உயரும்.

ஆர்க்டிக்கிலிருந்து விருந்தாளி

கோடியக்கரைச் சதுப்பில் குளிர்காலத்தில் குடுகுடுவென்று ஓடிச் சேறு கிளறும் கொசு உள்ளான், குருவி அளவுப் பறவை. முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் சைபீரியாவின் மரமில்லா வெளியில். அங்கே கோடை குறுகியது. அதற்குள் குடும்பத்தை முடித்துக்கொண்டு இங்கே வந்துவிடும்.

சுனாமி போய்ச் சேர்ந்த இடம்

2004 டிசம்பர் 26 அன்று நாகையைத் தாக்கிய சுனாமி தெற்கேயும் பரவியது. அண்டார்டிகாவில் உள்ள ஜப்பானின் சியோவா நிலையத்து அலை அளவி அதைப் பதிவு செய்திருக்கிறது.

யார் போகலாம்?

துருவத்துக்குப் போக முனைவர் பட்டம் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் பயணக் குழுக்களுக்கு டீசல் மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், வெல்டர், தச்சர், கிரேன் ஓட்டுநர், சமையற்காரர், மருத்துவர் ஆகியோரையும் தேர்ந்தெடுக்கிறது. உடல், மனத் தகுதிச் சோதனை உண்டு. உத்தராகண்டின் ஆலியில் பனிப் பயிற்சியும் உண்டு. ஜெனரேட்டர் நின்றால் அங்கே ஆராய்ச்சி மட்டும் நிற்காது, உயிருக்கே ஆபத்து. அதனால் ஐ.டி.ஐ. முடித்த கைக்கு அங்கே விஞ்ஞானிக்கு இணையான மதிப்பு. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மையத்தின் ஆள்தேர்வு அறிவிப்பைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.